முறிந்த ஃபேரிங் பிராக்கெட்டும், முறித்த ரப்பர் வளையமும்

மேடு பள்ளத்தில் ஹெட்லைட் வெளிச்சம் தனியாக ஆடினால், மீட்டர் கன்சோல் தலையாட்டினால், வைசரின் (முன்னால் காற்றைத் தடுக்கும் தகட்டின்) ஸ்க்ரூக்களை முறுக்கிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். என் பைக்கில் அரை ஃபேரிங், அதாவது முன்பாகத்தைப் பாதி மூடும் பிளாஸ்டிக் உறை. அதில் இரண்டும் இருந்தன. போதாக்குறைக்கு, எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியைத் தொடும்போது முன்னாலிருந்து பல் நறநறப்பது போல ஒரு சத்தம். அதைத் தாண்டினால் அடங்கிவிடும்.

சோதனை சுலபம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஃபேரிங்கின் மூக்கை இரு கைகளாலும் பிடித்து மெல்லத் தூக்க வேண்டும். அதை உள்ளே தாங்கும் பிராக்கெட் முழுதாக இருந்தால் வண்டியின் முன்பாகமே கூடச் சேர்ந்து அசையும். எனக்கு வலப்பக்கம் மட்டும் ஒரு விரல் கனம் மேலே வந்தது, கூடவே இரும்போடு இரும்பு உரசும் 'டிக்'. பிளாஸ்டிக் உடைந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி, சப்பென்று இருக்கும்.

இந்த பிராக்கெட்டைச் சிலர் ஸ்டே என்பார்கள், சிலர் கவுல் ஃபிரேம் என்பார்கள். வண்டிக்கு வண்டி வடிவம் மாறினாலும் வேலை ஒன்றுதான். ஸ்டியரிங் ஹெட்டில், அதாவது ஃபோர்க் திரும்பும் அந்தத் தடித்த குழாயின் முன்புறம், இரண்டு பெரிய போல்ட்டில் ஒரு தகடு பிடிக்கும். அதிலிருந்து முன்னோக்கி நீளும் குழாய்கள் ஹெட்லைட், மீட்டர், வைசர், பின்பார்வைக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் சுமக்கும். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் அமைப்பு. காற்று பின்னுக்குத் தள்ளும், ஒவ்வொரு பள்ளமும் கீழே இழுக்கும், எஞ்சின் அதிர்வு இடைவிடாமல் உலுக்கும். இத்தனைக்கும் என் வண்டியில் அந்தக் குழாயின் வெளிவிட்டம் 16 மி.மீ., சுவர்க் கனம் 1.6 மி.மீ. மட்டுமே. அது போதுமானதுதான், கூடவே கீழ்ப்பக்க மவுண்டுகளும் தங்கள் பங்கைச் சுமந்தால்.

கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கழற்றிய பிறகு அவற்றுக்கு வாய்ப்பே இல்லை. சமதரையில் சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கே சுவரில் மறைப்பு டேப் ஒட்டினேன். உடைந்த வண்டியில் ஒட்டும் குறிக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். தொங்கிய மூக்கை அதன் இடத்துக்குத் தூக்கிக் கட்டிய பிறகுதான் குறி வைத்தேன். டயர்க் காற்றும் சீட்டில் இருக்கும் எடையும் பிறகு சரிபார்க்கும்போது இதே அளவில் இருக்க வேண்டும். அடுத்து, ஃபேரிங்குக்கும் டேங்குக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும், ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் கிளட்ச் லீவருக்கும் வைசருக்கும் உள்ள இடைவெளி: எல்லாம் ஸ்கேலில் அளந்து அட்டையில் குறித்தேன். வயரிங் எந்தக் குழாயின் மேலே போகிறது, எதன் அடியில் போகிறது என்பதற்குப் புகைப்படம். வயர்களை இணைக்கும் கப்ளர்கள் ஒன்றோடொன்று மாறாது என்று நம்பிக்கை இருந்தாலும், வயர் போகும் பாதை மாறினால் ஹேண்டில்பார் திரும்பும்போது நசுங்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் கிளிப்புகளில் இரண்டு ரகம். ஒன்றில் நடு ஊசியை உள்ளே அமுக்கினால் விடும். இன்னொன்றில் நடுத்தலையை நெம்பி வெளியே எடுக்க வேண்டும். எது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் நெம்பினால் பாதி கிளிப்புகள் உடைந்து கையோடு வரும். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் கூட்டல் குறி ஸ்க்ரூக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை பார்ப்பதற்கு பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் பள்ளத்தின் வடிவம் ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டது. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் அடிவரை உட்காராமல் மேலே ஏறி வழுக்கும்; தலை தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிடும். சரியான பிட்டை வைத்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் துருப்பிடித்ததுகூடப் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும்.

ஃபேரிங்கைப் பிரித்ததும் உடைப்பு கண்முன்னே. வலப்பக்கக் குழாயில், கண்ணாடி மாட்டும் சிறு தகட்டை வெல்டிங் செய்திருந்த இடத்தின் ஓரத்தில், கத்தியால் வெட்டியது போல நேராக இரண்டு துண்டு. வெல்டிங்கின் நடுவில் உடையவில்லை, வெல்டிங் முடிந்து வெறும் குழாய் ஆரம்பிக்கும் விளிம்பில் உடைந்திருந்தது. இப்படித்தான் பெரும்பாலும் உடையும். அங்கேதான் கனம் திடீரென்று மாறுகிறது, வெப்பத்தால் உலோகத்தின் குணமும் மாறியிருக்கிறது, விளிம்பில் நுண்ணிய பள்ளமும் இருக்கிறது. வளைவு விசை எல்லாம் அந்தப் புள்ளியில் வந்து குவியும்.

உடைந்த முகத்தை டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். குழாயின் மேல்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்தில் துருவேறி, உரசி உரசி வழவழப்பாக இருந்தது. அதிலிருந்து கீழ்நோக்கி இரு பக்கமும் மெல்லிய வளைகோடுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே வெளிர். அடிப்பகுதியில் கால்வாசிக்கும் குறைவான இடம் மட்டும் சாம்பல் நிறத்தில், சர்க்கரையைக் கொட்டியது போல மணிமணியாக மினுங்கியது. இதில் வரலாறே எழுதியிருக்கிறது. விரிசல் மேலே பிறந்திருக்கிறது, ஏனென்றால் மூக்கு கீழே தொங்கும்போது குழாயின் மேல்விளிம்புதான் இழுபடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அந்த நேரமெல்லாம் ஈரம் உள்ளே போய்த் துருவேறியிருக்கிறது. மினுங்கும் பகுதிதான் கடைசியாக ஒரே அடியில் போனது. கடைசிப் பள்ளத்தைத் திட்டிப் பயனில்லை. அது வருவதற்கு வெகு முன்பே குழாயின் முக்கால் பாகம் விட்டுப்போயிருந்தது.

இந்த மாதிரி முறிவைக் கணக்காக ஆராய்ந்ததில் ரயில்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1842இல் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயில் கவிழ்ந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. எஞ்சினின் அச்சு முறிந்ததுதான் காரணம். அதன் பிறகுதான், தாங்கக்கூடிய பாரத்தையே திரும்பத் திரும்ப ஏற்றினாலும் இரும்பு உடையும் என்பதைப் பலர் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் அச்சுகளை மாற்றி மாற்றி வளைத்துப் பார்த்து அதற்குக் கணக்கே போட்டார். என் 16 மி.மீ. குழாய்க்கும் அதே விதிதான்.

சரி, விரிசல் ஏன் பிறந்தது? அதே பிராக்கெட்டின் இடப்பக்கம் அப்படியே இருக்கிறதே? பதில் கீழே இருந்தது. ஃபேரிங்கின் கீழ்ப்பாகம் இரு பக்கமும் சேஸிஸில் ஒரு கிரோமெட், அதாவது ரப்பர் வளையம், வழியாகப் பிடிக்கும். இடப்பக்கக் கிரோமெட் நலமாக இருந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன இரும்புக் காலர், போல்ட் நுழைந்து போகும் குட்டைக் குழாய். வலப்பக்கத்தில் காலரைக் காணோம். வண்டி என் கைக்கு வருமுன்பே யாரோ கழற்றி மாட்டும்போது கீழே விழுந்து உருண்டிருக்கும். காலர் இல்லாததால் போல்ட்டை முறுக்கியவரின் பலமெல்லாம் ரப்பர் மேலேயே இறங்கி, அது அப்பளமாக நசுங்கி, பிறகு வெடித்து, கடைசியில் போல்ட் ஓட்டைக்குள் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. கீழ் மவுண்ட் சுமக்க வேண்டிய பங்கு முழுதும் மேலே ஏறி அந்தக் குழாயின் தலையில் விழுந்திருக்கிறது.

பலரும் தவறவிடும் இடம் என்பதால் காலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலரின் நீளம், அது நுழையும் ரப்பர் வளையத்தின் நடுக்கனத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கும். போல்ட்டை முறுக்கும்போது ரப்பர் லேசாக அமுங்கும். உடனே வாஷர் காலரில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் முறுக்கும் பலமெல்லாம் இரும்போடு இரும்பாகக் காலருக்குப் போகிறது. போல்ட் இறுக்கமாக நிற்கிறது, ரப்பரோ தன் சுதந்திரத்தோடு அதிர்வை உறிஞ்சுகிறது. காலர் இல்லையென்றால் இரண்டும் கெட்டது. இறுக்கினால் ரப்பர் சாகும், இறுக்காவிட்டால் போல்ட் கழன்று ஓடும். பிரித்த வண்டியில் ஒரு காலர் குறைந்தால், அதைத் தேடாமல் மாட்டி முடிப்பது பெரிய பிசகு.

இனி பிராக்கெட்டை என்ன செய்வது? புதுசு கிடைக்குமானால் அதுதான் முதல் வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் மாடலுக்குத் தயாரிப்பு நின்றுபோயிருந்தது. பழைய வண்டியிலிருந்து கழற்றியது கிடைக்கும்தான். ஆனால் உதிரியாகப் பிரிக்கப்படும் வண்டிகளில் பல, முன்னால் இடித்துத்தான் அங்கே வந்திருக்கும். அப்படி இடித்தால் எளிதில் வளையும் இரும்பும் இதுதான். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் வளைந்திருக்கும், அல்லது யாரோ வளைத்து நிமிர்த்தியிருப்பார்கள். அதைவிட, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று எனக்கே தெரிந்த என் பிராக்கெட் மேல்.

இது இரும்புக் குழாய் என்பதால்தான் அந்த முடிவு. அலுமினிய வார்ப்பில் செய்த பிராக்கெட் என்றால் கதை வேறு. அதை ஏசி டிக் என்னும் வெல்டிங் முறையில்தான் ஒழுங்காகச் சேர்க்க முடியும், அதுவும் வார்ப்பு சுத்தமாக இருந்தால். சில உயர்ரக வண்டிகளில் எடை குறைக்க மெக்னீசியத்தில் வார்த்திருப்பார்கள். தேய்த்த தூள்கூடத் தீப்பிடிக்கும் என்பதால் அதில் நான் கிரைண்டரை வைக்கவே மாட்டேன். எந்த உலோகமாக இருந்தாலும் எபாக்சி பசையைத் தடவி ஒட்டுவது வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான். அழுத்தத்தைத் தாங்கும் பசை, உரித்து இழுக்கும் விசையிலும் அதிர்விலும் விட்டுவிடும்.

பிராக்கெட்டை வண்டியிலிருந்து கழற்றுமுன் இன்னொரு வேலை. உடைந்த இரு முனைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தேன். மேல்பக்கம் உரசித் தேய்ந்திருந்தாலும், அடியில் அந்த மணிமணியான பகுதி பூட்டும் சாவியுமாகக் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படி உட்காரும் நிலை ஒன்றே ஒன்றுதான். அதுவே குழாயின் பழைய நேர்க்கோடு. அந்த நிலையிலேயே ஒரு சிறிய எல்-ஆங்கிள் துண்டைக் குழாயின் மேல் கவிழ்த்து, உடைப்புக்கு இப்புறம் ஒன்று அப்புறம் ஒன்றாக இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்கினேன். ஆங்கிளின் உள்மூலையில் உருண்டைக் குழாய் தானாகவே நேர்கோட்டுக்கு வந்துவிடும். கை முறிந்தால் கட்டை வைத்துக் கட்டுகிறோமே, அதே வைத்தியம். இந்தக் கட்டோடுதான் ஸ்டியரிங் ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்திப் பிராக்கெட்டை இறக்கினேன்.

பிறகு ஜிக், அதாவது வெல்டிங்கின்போது எதுவும் நகராமல் பிடித்து வைக்கும் அமைப்பு. தடித்த பிளைவுட் பலகையில் பிராக்கெட்டை வைத்து, ஹெட்டில் மாட்டும் தகட்டின் ஓட்டைகள், ஹெட்லைட் ஓட்டைகள், கண்ணாடி ஓட்டைகள் என்று எங்கெல்லாம் போல்ட் போகுமோ அங்கெல்லாம் ஆங்கிள் துண்டுகளை நிறுத்தி, உயரத்துக்கு வாஷர் அடுக்கி, பலகையோடு சேர்த்து இறுக்கினேன். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். எந்தப் பக்கம் முதலில் அடிக்கிறோமோ அந்தப் பக்கம் இழுக்கும். உடைந்த இடத்தில் ஒரு மி.மீ. இழுத்தால் அரை முழம் தள்ளி இருக்கும் வைசர் ஓட்டையில் அது பல மி.மீ. ஆகிவிடும். பிறகு ஸ்க்ரூ நுழையாது, நுழைய வைத்தால் பிளாஸ்டிக் இறுக்கத்திலேயே நிற்கும், அடுத்த வெயிலில் ஸ்க்ரூ பிடிக்கும் காது தெறிக்கும். ஜிக் இல்லாமல் 'கண்ணாலே பார்த்து' ஒட்டிய பிராக்கெட்டுகளால் பிளாஸ்டிக் கெட்ட வண்டிகள் நிறைய. இரு பக்கமும் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று எண்ணி இடப்பக்கத்தைப் பார்த்து வலப்பக்கத்தைச் சரி செய்யவும் கூடாது. பல பிராக்கெட்டுகள் வயரிங்குக்கோ ஹார்னுக்கோ இடம் விட்டு ஒரு பக்கம் வேண்டுமென்றே மாறியிருக்கும்.

ஜிக்கில் பிடித்தபின் பெயிண்டைச் சுரண்டி, மற்ற வெல்டிங் ஓரங்களையும் சோதித்தேன். இதற்கு விலையுயர்ந்த மருந்தெல்லாம் தேவையில்லை. மண்ணெண்ணெயைத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தேய்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு போடும். ரயில் பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க எண்ணெயும் சுண்ணப்பொடியும் வைத்துச் செய்த அதே பழைய முறை. இடப்பக்கக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில், நகத்துக்குக்கூடத் தட்டுப்படாத இடத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக ஒரு கோடு மெதுவாகக் கருத்தது. முழுதாக இருப்பதாக நினைத்த பக்கம்! அதன் முனை எங்கே முடிகிறது என்று பார்த்து, சற்றுத் தள்ளி 3 மி.மீ. துளை போட்டேன். கூர்மையான விரிசல் முனை வட்டத் துளையில் போய் முடிந்தால் மேலே ஓடாது. பிறகு கோட்டை அரத்தால் வி வடிவில் திறந்து வெல்டிங்குக்குத் தயாராக வைத்தேன்.

முறிந்த பக்கத்துக்கு உள் ஸ்லீவ். குழாயின் உள்விட்டம் 12.8 மி.மீ. வருகிறது, அதற்குள் கையால் தள்ளினால் போகிற அளவுக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டு, 50 மி.மீ. நீளம். அதன் இரு முனைகளையும் சாய்வாக வெட்டினேன். நேராக வெட்டினால் ஸ்லீவ் முடியும் இடத்தில் மறுபடியும் கனம் திடீரென்று மாறும், அடுத்த உடைப்பு அங்கே. சாய்வாக வெட்டினால் விறைப்பு படிப்படியாகக் குறையும். இங்கே ஒரு சிக்கல். இடப்பக்கம் முழுதாக இருப்பதால் வலப்பக்க முனைகளை ஸ்லீவ் நுழையும் அளவுக்குப் பிரிக்க முடியாது. பிரித்தால் எல்லாம் வளையும். அதனால் ஸ்லீவை முழுக்க நீளமான பக்கக் குழாய்க்குள் தள்ளி ஒளித்துவிட்டு, முனைகளைச் சேர்த்த பிறகு பாதியை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். ஸ்லீவின் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு குழிகள் போட்டு வைத்தேன். குழாயில் போட்ட துளை வழியே கூரிய ஊசியை விட்டு, குழி குழியாக நெம்பினால் நகர்ந்து வருகிறது. ஸ்லீவின் நடுவில் அரத்தால் கீறிய கோடு இணைப்பு இடைவெளியில் தெரிந்ததும் நிறுத்த வேண்டியதுதான்.

அந்தத் துளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்லீவைக் குழாயோடு பிடிக்க இரு பக்கமும் 6 மி.மீ. துளை போட்டு அதை வெல்டிங்கால் நிரப்புவது வழக்கம். அவற்றை மேலும் கீழும் போடாமல் பக்கவாட்டில் போட்டேன். குழாய் மேலும் கீழுமாக வளைகிறது. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் அதிகம் இழுபடும், அமுங்கும். பக்கவாட்டு நடுக்கோட்டில் வளைவின் விசை ஏறத்தாழ இல்லை. துளை போட்டுப் பலவீனப்படுத்துவதென்றால் அங்கேதான். முனைகளைச் சாய்வாகத் தேய்த்து, நடுவே ஒன்றரை மி.மீ. இடைவெளி விட்டேன், வெல்டிங் ஸ்லீவ் வரைக்கும் இறங்கிப் பிடிக்க.

சுத்தம் முக்கியம். இணைப்பிலிருந்து இரு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் பெயிண்ட், துரு, துத்தநாகப் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. துத்தநாகம் எரியும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுக்க ஆவியாகிப் போன பிறகுதான் வெல்டிங் பொறி அருகில் வர வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் போட்டுவிட்டு வெல்டிங் செய்யவே கூடாது. ஆர்க்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு.

வெல்டிங்கை நான் செய்யவில்லை. இத்தனை மெல்லிய குழாயில் நம்பிக் கை வைக்கிற பழக்கம் எனக்கில்லை. பழக்கமான வெல்டர் ஒருவரிடம் ஜிக்கோடு கொண்டுபோனேன். பார்த்தவுடன் அவர் சொன்னது, "மேல ஒரு பட்டையைப் போட்டு ரெண்டு பக்கமும் இழுத்து அடிச்சுடறேன் தம்பி. வண்டி போனாலும் இது போகாது."

"பட்டை வேணாம்ணே. அது முடியற இடத்துல திரும்ப உடையும். உள்ள ஸ்லீவ் இருக்கு. முதல்ல நாலு புள்ளி மட்டும் வைங்க, அளந்துட்டு மீதியை அடிச்சுக்கலாம்."

"அது சரி, பலகை தீப்பிடிக்காதா?" என்றார். இணைப்புக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்றைச் செருகிக் காட்டிய பிறகு ஹெல்மெட்டை இறக்கினார்.

கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மிக் வெல்டிங், 0.8 மி.மீ. கம்பியில். மேலே ஒரு புள்ளி, நேர் கீழே ஒன்று, பிறகு இடம், வலம். ஆறவிட்டு ஜிக்கின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தோம். ஓட்டையிலிருந்து போல்ட் சிரமமில்லாமல் வந்து போனது, அதாவது குழாய் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. மறுபடி இறுக்கி, கால்வட்டம் கால்வட்டமாக, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அடித்தார். நடுவில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க விடவில்லை. தானாக ஆற வேண்டும். ஆர்க் வெல்டிங்தான் இருக்கிறது என்றால் சாதாரணமாக வைத்திருக்கும் 3.15 மி.மீ. ராடு இந்தச் சுவரைப் பொத்தலாக்கிவிடும், 2 மி.மீ. ராடும் குறைந்த ஆம்பியரும் வேண்டும்.

அவர் சொன்ன பட்டையைப் பற்றி யோசித்தால், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேட், கிரில், வண்டிச் சட்டம் எல்லாவற்றிலும் அதுதான் பலம். இங்கே மட்டும் பலம் வேறு விஷயம். ஒரு இடத்தை இரும்பாகக் கெட்டியாக்கினால் வளைய வேண்டிய வளைவெல்லாம் அந்தக் கெட்டியின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். தொழிற்சாலையில் வைத்த கண்ணாடித் தகட்டின் ஓரமே இந்தக் குழாயை உடைத்தது. அதற்கு மேல் இன்னொரு பட்டையா?

ஆறியபின் வெல்டிங் மேட்டை முழுக்கத் தேய்த்துச் சமமாக்கவில்லை. அழகுக்காகத் தேய்த்தால் கனம் குறையும். மேட்டின் இரு ஓரங்களையும் மட்டும் சிறிய உருளைக் கல்லால் மழுப்பினேன், வெல்டிங் குழாயோடு சரிவாகக் கலக்கும்படி. முறிவு ஆரம்பிக்கும் அந்த நுண்பள்ளம் இதில் போய்விடும். தேய்த்த கோடுகள் குழாயின் நீளவாக்கில் இருக்க வேண்டும்; குறுக்கே விழுந்த ஒவ்வொரு கீறலும் ஒரு புது விரிசலுக்கு அழைப்பு. மறுபடி மண்ணெண்ணெய், சாக்பீஸ். கோடு எதுவும் தெரியவில்லை. மண்ணெண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனில் துடைத்து எடுத்துவிட்டு, உப்புத்தாள், எபாக்சி பிரைமர், அதற்கு மேல் மங்கிய கறுப்பு. குழாயின் திறந்த முனைகள் வழியே உள்ளே துருத்தடுப்பு மெழுகை அடித்தேன். மரையுள்ள ஓட்டைகளில் பெயிண்டுக்கு முன்பே பழைய போல்ட்டை மாட்டி வைத்துவிட்டால் பிறகு மரை வெட்டும் கருவியைப் போட்டு மரை எடுக்க வேண்டாம். ஹெட்டோடு ஒட்டும் தகட்டின் முகத்தில் பெயிண்டை மெல்லியதாகவே விட்டேன். அங்கே தடித்த பெயிண்ட் இருந்தால் நாளாக ஆக அது அமுங்கி, போல்ட்டின் இறுக்கம் போய்விடும்.

காணாமல்போன காலரை இடப்பக்கக் காலரைப் பார்த்துச் செய்தேன். 6 மி.மீ. போல்ட் தாராளமாக நுழையும் இரும்புக் குழாயை அறுத்து, புதுக் கிரோமெட்டில் வைத்து, வெர்னியரில் அளந்தபடி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நீளத்தைக் குறைத்தேன். போல்ட்டை முறுக்கும்போது ரப்பர் லேசாகப் பிதுங்கி, அதோடு நின்று, போல்ட் 'டக்'கென்று கெட்டியாக வேண்டும். ஸ்பேனர் பிடித்த கைக்கே தெரியும். ரப்பர் பிதுங்கிக்கொண்டே போனால் காலர் குட்டை; ரப்பர் வளையம் கையில் சுழன்றால் காலர் நெட்டை. இடப்பக்க ரப்பரும் இறுகிப் போயிருந்ததால் இரண்டையும் மாற்றினேன். ஒரு பக்கம் புது ரப்பர், மறுபக்கம் பழசு என்றால் பாரம் மறுபடி ஒரு பக்கம் சாயும்.

மாட்டும் முறையில் ஒரே ஒரு விதி: எல்லா போல்ட்டும் நுழையும் வரை எதையும் இறுக்கக் கூடாது. முதலில் ஹெட் போல்ட்டுகளைக் கையால், பிறகு ஹெட்லைட், மீட்டர், கீழ் மவுண்டுகள், கடைசியாக வைசர். எல்லாம் உட்கார்ந்த பிறகு ஹெட்டிலிருந்து ஆரம்பித்து வெளிப்புறமாக இறுக்கிக்கொண்டே வர வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் அளவு தனியாகக் கொடுத்திருந்தால் அதுவே வேதம். இல்லையென்றால் 8 மி.மீ. போல்ட்டுக்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 என்பது பொதுவான அளவு. பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் 5 மி.மீ. ஸ்க்ரூக்களுக்கு டார்க் ரெஞ்சே வேண்டாம், இரண்டு விரல் பலம் போதும். ஹெட் போல்ட்டுகளுக்கு நீல நிற, நடுத்தரப் பிடிப்புள்ள திரெட்லாக், அதாவது மரை கழலாமல் பிடிக்கும் பசை. பிளாஸ்டிக் அருகே அதைச் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைக்கும்.

பிறகு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பி, பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், வயரிங் எதுவும் இழுபடுகிறதா, சிக்குகிறதா என்று பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டும் ஒருமுறை திருப்ப வேண்டும். திருப்பும்போது சுழற்சி ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டிப் போனால் வளைவில் வண்டி தானாக முந்தும். அட்டையில் குறித்த இடைவெளிகளோடு ஒப்பிட்டதில் வலப்பக்கம் டேங்க் இடைவெளி ஒரு மி.மீ. வித்தியாசம், ஹெட் போல்ட்டின் ஓட்டைக்குள் இருக்கும் விளையாட்டிலேயே அது சரியாகிவிட்டது. சுவர் டேப்புக்கு நேராக நிறுத்திப் பார்த்தால் வெளிச்சம் குறிக்குச் சற்று மேலே விழுந்தது. எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும் உயரம். ஹெட்லைட்டின் பின்னால் உள்ள திருகால் இறக்கினேன்.

ஹெட் போல்ட்டுகளின் தலையிலிருந்து தகடு வரைக்கும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். போல்ட் துளி அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும், ஸ்பேனர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தேன், கோடு அப்படியே இருக்கிறது. வைசரைக் கழற்றினாலே வெல்டிங் இடம் தெரியும் என்பதால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின் போதும் சாக்பீஸ் ஒரு தடவு. கையோடு, ஃபேரிங்கின் உட்புறத்தில் உடைந்திருந்த ஒரு பிளாஸ்டிக் காதும் பாக்கி இருக்கிறது. உள்ளே ஏ.பி.எஸ். என்று அச்சு இருப்பதால் அதே ரகப் பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த கூழால் ஒட்டலாம். பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) என்று இருந்தால் அந்தக் கூழ் ஒட்டவே ஒட்டாது, சூட்டுக்கம்பிதான் வழி.